விளக்கவுரை வாங்கும் முன் புரட்ட வேண்டிய பக்கங்கள்

வேதாகம (பைபிள்) விளக்கவுரை ஒன்று கையில் வந்தால் முன்னுரையைத் தாண்டிப் போய்விடுங்கள். "வேதத்துக்கு உண்மையாக" என்று எல்லா முன்னுரையிலும்தான் இருக்கும். நேராக 1 யோவான் 5:7-ஐப் புரட்டுங்கள்.

நம் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில்) அங்கே "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று பரலோக சாட்சிகள் மூவர் வருகிறார்கள். பிந்தைய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வரி இல்லை. காரணம், பழைய கிரேக்கப் பிரதிகளில் அது கிடையாது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிசில்லியன் என்பவரின் லத்தீன் எழுத்தில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது. எராஸ்மஸ் என்ற அறிஞர் தான் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு 1522-இல் சேர்த்தார். அதற்கு ஆதாரமான கிரேக்கப் பிரதி இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதுவே 16-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதுதான்.

இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்த வரியைத் திரித்துவத்துக்கு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கோட்பாட்டுக்கு) தூணாக நிறுத்துகிறவரின் நூலை அலமாரியிலேயே வைத்துவிடலாம். வரி போனால் திரித்துவமும் போயிற்று என்கிறவரும் பாதி வேலைதான் செய்திருக்கிறார்: குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியஸின் போதனையை எதிர்த்த 4-ஆம் நூற்றாண்டுச் சர்ச்சையில் கிரேக்கச் சபைப் பிதாக்கள் இந்த வரியைத் தொடாமலேயே வாதாடினார்கள்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். அந்த வரியை ஒரு கிரேக்கப் பிரதியில் காட்டினால் சேர்த்துவிடுகிறேன் என்று எராஸ்மஸ் வாக்குக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று இல்லை என்று டச்சு அறிஞர் எச். ஜே. டி யோங்கே 1980-இல் காட்டிவிட்டார். சமீபத்திய நூலிலும் அந்தக் கதை அடிக்குறிப்பில்லாமல் நடமாடினால், ஆசிரியர் மூலத்தைப் பார்க்கவில்லை, இன்னொரு விளக்கவுரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அடுத்து, மூலத்தில் இருந்ததா என்று வாதம் நடக்கும் மாற்கு 16:9-20. சினாய், வத்திக்கான் என்ற பழைய கிரேக்கப் பிரதிகள் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன என்பதை மட்டும் சொல்வார் ஒருவர். சபைப் பிதா ஐரேனியஸ் ஏறக்குறைய கி.பி. 180-இலேயே 16:19-ஐ மேற்கோள் காட்டியதை மட்டும் சொல்வார் மற்றவர். இரண்டையும் முன்வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவரை நம்பலாம், தீர்ப்பு நமக்குப் பிடிக்காவிட்டாலும். ஏசாயா 53:11-இல், வழக்கமான எபிரெயப் பாடத்தில் இல்லாமல், சாக்கடல் அருகே கிடைத்த கும்ரான் சுருள்களிலும் செப்துவஜிந்திலும் (பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும்) உள்ள 'ஒளி' என்ற சொல்லைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். சுருள்கள் கிடைக்கத் தொடங்கிய 1947-க்கு முந்தைய உரைகளில் அவற்றைத் தேடுவது நியாயமில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரைகளில் பல அந்த வகை.

பிரதி விவகாரத்தில் தேறியவரும் பொருள் சொல்லும்போது வழுக்கலாம். நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11-ஐத் தனிமனித வெற்றி வாக்குறுதியாக மட்டும் விளக்கி, 10-ஆம் வசனத்தின் 70 வருடத்தையும் பாபிலோன் சிறையிருப்பையும் தொடாமல் விட்டால், வேதத்துக்கு உண்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் வசன எண்கள் நெருக்கியடித்து நிற்கும் பத்தி ஒன்றை எடுத்து, ஐந்தாறு வசனங்களை முன்பின் பகுதியோடு வாசித்துப் பாருங்கள். சொல் மட்டும் ஒத்து, பேசும் காரியம் வேறாக இருந்தால், ஒத்தவாக்கிய அகராதியை (ஒரு சொல் வரும் வசனங்களின் பட்டியலை) அப்படியே இறக்கிவைத்திருக்கிறார்கள்.