ஐந்தாவது கோலுக்குப் பிறகு

போன ஓகஸ்டில் எங்கள் ஊர்க் கழகம் 11:0 என்ற கோல் கணக்கில் தோற்றது. நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். பின்னேரங்களில் கழகத்துப் பெடியன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன், 18 வருடமாக இதுதான் வேலை. தோல்விகள் எத்தனையோ பார்த்தாயிற்று. இது மட்டும் இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் என் பிழை.

போட்டி ஒரு கடற்கரை ஊரில். அங்கத்தைய பெடியன்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து மணலில் பந்தடிப்பவர்கள், அவர்களுடைய கால் பலமே வேறு. நாங்கள் ஏறிப் போன வானில் 11 பேர்கூட இல்லை. ஒருவனுக்கு மேசன் வேலை முடியவில்லை, இரண்டு பேருக்கு ரியூசன், இன்னொருவனின் அம்மாவை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். 9 பேரோடு இறங்கினோம். 7 பேருக்குக் குறைந்தால்தான் ஆட்டம் நடத்த முடியாது என்பது விதி, ஆகவே அதில் தடை இல்லை. இன்னொரு நாளைக்கு வைப்போமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது.

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாணயச்சுழற்சியில் வென்ற அவர்கள் முதல் பாதிக்குக் காற்றோடு அடிக்கும் பக்கத்தை எடுத்தார்கள். நான் மூன்று வருடமாகப் பழக்கி வைத்திருந்தது, பின்வரிசை நடுக்கோடு வரைக்கும் ஏறி நிற்கிற முறை. பந்தை அடிக்க முதல் எதிரணிக்காரன் பின்வரிசையை முந்தி ஓடினால் ஓவ்சைட்டில் மாட்டுவான், பந்து எங்களுக்கு வந்துவிடும். ஆனால் தன்னுடைய பாதிக்குள் நிற்பவனுக்கு ஓவ்சைட் கிடையாது, இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நடுக்கோட்டுக்கு ஓரடி உள்ளே இரண்டு பேரை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து பந்தை உயர்த்தி அடித்தார்கள், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. எங்கள் பின்வரிசைக்கும் கோலுக்கும் இடையில் வெறும் நிலம்தான். முதல் கோலும் இரண்டாவது கோலும் ஒரே மாதிரி விழுந்தன. அப்போதே “இறங்கி நில்லுங்கோ” என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ “ஏறு, ஏறு” என்று கத்திக்கொண்டு நின்றேன். பழக்கியதை இடையில் மாற்றினால் குழம்பிப் போவார்கள் என்று நினைத்தேன். குழம்பியிருந்தாலும் இப்படி வந்திராது.

அடுத்த மூன்றும் என் கொப்பியில் இப்படி இருக்கின்றன: 31, 32, 34 ஆவது நிமிடங்கள். 2014 உலகக் கிண்ண அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி 23 ஆவது நிமிடத்திலிருந்து 29 ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்ததை நான் எத்தனையோ தரம் பெடியன்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கோல் வாங்கியவுடன் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் அவசரப்பட்டு ஆட்டத்தைத் தொடங்கினால் அடுத்ததும் விழும் என்று விளங்கப்படுத்தியும் இருக்கிறேன். அன்றைக்கு எல்லைக்கோட்டில் நின்று “கெதியா வை, கெதியா வை” என்று கத்தியவனும் நான்தான்.

இடைவேளையில் கோல் காக்கிற பெடியன் என்னிடம் தனியாக வந்தான். 17 வயது. “சேர், நான் வெளியில நிக்கட்டே?” என்றான். “உன்ர பிழை இல்லையடா தம்பி, நில்” என்றேன். அதை எல்லாருக்கும் முன்னால் சொல்லவில்லை. அவனைத் தனியாகத் தேற்றிவிட்டு, போய் மற்றவர்களைப் பேசினேன். தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால் மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தால் நான் என்ன செய்வேன் என்று இப்பவும் யோசிக்கிறேன்.

இரண்டாம் பாதியில் காற்று எங்கள் பக்கம். ஆனால் நாங்கள் நீளமாக அடித்த பந்தெல்லாம் கோல் எல்லையைத் தாண்டி ஓடியது, அவர்கள் நிலத்தோடு உருட்டிக்கொண்டே வந்தார்கள். 9 பேருக்கு எவ்வளவுக்கென்று ஓட முடியும்? இன்னும் ஆறு விழுந்தது. ஆனால் ஒருவனும் மைதானத்தை விட்டு வெளியே வரவில்லை, ஒருவனும் நடுவரோடு வாய் காட்டவில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பெடியனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். 2001 இல் அவுஸ்திரேலியாவிடம் 31:0 என்று தோற்ற பசிபிக் தீவு அணியான அமெரிக்க சமோவாவின் கதையைச் சொன்னேன். அன்று கோல் காத்த நிக்கி சலாப்பு, 2011 நவம்பரில் அவர்கள் தொங்காவை 2:1 என்று வென்றபோதும் அதே கோலுக்குள் நின்றார். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: “அண்டைக்கு 31 தரமும் பந்தை வலைக்குள்ள இருந்து ஆர் சேர் எடுத்துக் குடுத்தது?”

அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் போட்டியில் 11 தரமும் அவனேதான் குனிந்து எடுத்தான். கிட்ட ஒருவரும் போகவில்லை. போகச் சொல்லி நானும் பழக்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு 16 பேரில் 10 பேர் வந்தார்கள். பந்தை வலைக்குள் வைத்துவிட்டு அங்கிருந்துதான் தொடங்கினோம். பின்வரிசைக்காரன் போய்ப் பந்தை எடுக்க வேண்டும், எல்லாரும் கோலடியில் கூட வேண்டும், யார் எங்கே நிற்பது என்று கதைத்து முடித்த பிறகு நடுக்கோட்டுக்கு நடந்து வர வேண்டும், ஓடக்கூடாது. முதல் இரண்டு தரமும் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தரம் கோல் காக்கிற பெடியன்தான் பேசினான், “நீங்கள் கொஞ்சம் இறங்கி நில்லுங்கோடா, எனக்குப் பின்னுக்கு ஒருத்தரும் இல்லை.”