வழி எங்கே?

கேம்பிரிட்ஜுக்குப் போவதென்று தீர்மானித்திருந்த அன்று நான் எழும்பியதே ஒன்பதரைக்கு. பிளேன்டீ குடித்து, பேப்பர் பார்த்து, வீட்டுக்காரி வேலைக்குப் போன பிறகு இன்னொரு பிளேன்டீ குடித்து, ஒருவாறு லண்டன் கிங்ஸ் குரோஸில் ரயில் ஏறினேன். அறுபது தாண்டியவர்களுக்கான அட்டை இருந்தால் ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. ஒரு மணித்தியாலம்கூட ஓடவில்லை, இறக்கிவிட்டார்கள். இந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு நாற்பத்திரண்டு வருசம் பிடித்தது.

தூய கணித சேர் காலமான செய்தி பொங்கலுக்கு அடுத்த கிழமை நமது பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் வந்தது. ஆளாளுக்குக் கைகூப்பிப் படம் போட்டோம். “நீதானே அவற்ற ராமானுஜன், மலருக்கு ஒரு பக்கம் எழுது” என்றது மலர்க்குழு. சரி என்று சொல்லிவிட்டு நாலு மாதம் பேசாமல் இருந்தேன்.

அந்தப் பட்டம் எப்படி வந்ததென்று 1981 உயர்தர வகுப்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பிந்தி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றாம் பாடம், இடைவேளைக்கு முன். கன்ரீன் வாய்ப்பன் வாசம் வகுப்புக்குள் வந்துவிட்ட நேரம். சைன் எக்ஸ், கீழே சைன் எக்ஸ் சக கோசைன் எக்ஸ், பூச்சியத்தில் இருந்து பையின் பாதி வரை தொகையிட வேண்டும். நான் வெண்கட்டியை வாங்கி, ஒரு வரி எழுதி, அடுத்த வரியில் விடையைப் போட்டேன். பையில் கால்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் என்ன நடக்கும் என்று நம்மெல்லாருக்கும் தெரியும்.

“விடை சரி. வழி எங்கே? இந்தப் பை எந்தச் சந்தையால வந்தது?”

பெடியள் சிரித்தார்கள். நான் பேசாமல் நின்றேன்.

“ராமானுஜன் எண்டு ஒருத்தர் இருந்தவர். கடுதாசி வாங்கக் காசில்லை. சிலேட்டில வழியைச் செய்து, முழங்கையால அழிச்சுப்போட்டு, விடையை மட்டும் கடுதாசியில எழுதினவர். தம்பி, நீர் எதில அழிச்சனீர்?”

முழு வகுப்பும் என் முழங்கையைப் பார்த்தது. அதிலே சிலேட்டு மை இல்லை. விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, நான் பார்த்திருந்தேன், அது அவருக்கும் தெரியும். மணி அடிக்கும் வரை வாங்கில் ஏறி நின்றேன். பிக்மட்ச் அன்றுகூட எதிர்ப்பக்கத்துப் பெடியள் என்னை “ராமானுஜன்” என்று கூப்பிட்டார்கள் என்றால் செய்தி எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள்.

கேம்பிரிட்ஜில் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஸ்டேஷனில் இருந்து நடுநகருக்கு ஆறுதலாக நடந்தேன். சந்தையில் ஒரு பணிஸ் வாங்கிக் கடுதாசிப் பையோடு கிங்ஸ் கல்லூரிக்கு முன் மதிலில் குந்தியிருந்து தின்றேன். புல்வெளியில் கால் வைக்க எல்லாருக்கும் அனுமதி இல்லையாம். நம் அதிபரின் பங்களா முற்றத்தைப் புல்லுக்குக் காவல் போட்ட இடம் என்று பகிடி பண்ணுவோமே, அந்த நோய் எங்கிருந்து தொற்றியது என்று விளங்கியது. ஆற்றில் பெடியள் தடி ஊன்றிப் படகு தள்ளினார்கள். வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், கரையில் இருந்து பார்க்கவே எனக்குப் போதும்.

திரினிற்றிக் கல்லூரிப் பெருவாசலில் எட்டாம் ஹென்றி மன்னர் சிலையாக நிற்கிறார். கையில் செங்கோல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கதிரைக் கால். எந்தக் காலத்திலோ மாணவர்கள் மாற்றி வைத்தது அப்படியே இருக்கிறது. நாம் ஆய்வுகூடக் கதிரைக் காலைக் கழற்றியதற்கு ஒரு கிழமை வகுப்புக்கு வெளியே நின்றோம். பக்கத்தில் நியூற்றனின் மரத்து வழிவந்தது என்று சொல்லப்படும் அப்பிள் மரம். நம் தண்ணீர்க் குழாயடி வேம்பில் பாதிகூட வராது. வீதிக்கு அந்தப் பக்கம் ஹியூவெல்ஸ் கோர்ட். 1914 இல் வந்த ராமானுஜன் அங்கேதான் அறை எடுத்து, தானே சமைத்துச் சாப்பிட்டார்.

திரினிற்றியின் உள்ளே ரென் நூலகத்தில், 1976 இல் ஒரு பெட்டிக்குள் இருந்து எடுத்த அவருடைய கடைசிக்காலத் தாள்கள் இருக்கின்றன. நூறுக்கு மேல் பக்கம், அறுநூறுக்கு மேல் முடிவுகள், வழி கிட்டத்தட்ட இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. ஒன்பதரைக்கு எழும்பினால் அப்படித்தான். காவல்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்.

இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது ஒன்று. 1983 கடைசியில் லண்டன் வந்தேன், கணக்கியல் படிக்கிறேன் என்ற பெயரில். சேரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அந்த மாதங்களில் யார் யாரிடம் சொல்லிக்கொண்டு போனோம்? அடுத்த வருசம் அவரிடம் இருந்து ஒரு வான்கடிதம். கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்த நம் ஊர்க் கணிதர் எலியேசரைப் பற்றி இரண்டு வரி, பிறகு: “கேம்பிரிட்ஜ் கிட்டத்தானே. ராமானுஜன் நடந்த வாசலைப் பார்த்தீரோ? நான் படத்தில்தான் பார்த்தது.” அப்போது நான் இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறேன், பகலில் நித்திரை. “போனேன் சேர். பார்த்தேன். மிக நன்றாக இருந்தது” என்று எழுதிப் போட்டேன்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. நீலத்தாள் முழுக்க வெறுமை, நடுவில் அந்தச் சாய்ந்த கையெழுத்து.

“விடை சரி. வழி எங்கே?”

நான் பதில் எழுதவில்லை. பிறகு தபாலே ஓடாத வருசங்கள் வந்தன. அது எனக்கு வசதியான சாட்டாகவும் போய்விட்டது. வாங்கில் ஏற்றிய அதே தவணையில் பின்னேரங்களில் என்னை மறித்து வைத்து, ஒரு சதம் வாங்காமல், ஒவ்வொரு வரியாக எழுதப் பழக்கியதும் அவர்தான். அதை மட்டும் நான் யாருக்கும் பகிடியாகச் சொன்னதில்லை.

திரும்பும் ரயிலில் பணிஸ் பையைக் கிழித்து விரித்தேன். நெய் படாத பக்கத்தில் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தேன். எக்ஸ் இருந்த இடத்தில் பையின் பாதியில் இருந்து எக்ஸைக் கழித்துப் போட்டால் மேலே சைன் கோசைனாக மாறும், கீழே அப்படியே இருக்கும். இரண்டையும் கூட்டினால் உள்ளே வெறும் ஒன்று. தொகை பையின் பாதி. அதில் பாதி விடை.

நாலு வரி. லண்டன் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.