நால்வருக்கு ஒரு மேசை: காத்தோங் நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

பள்ளி விடுமுறை நடுவில் இருக்கிறது. லாவ்ஷி அழைத்ததால் சிங்கப்பூரின் கிழக்கே காத்தோங் பக்கம் போனோம். யார் யார் என்று ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். லாவ்ஷி சீனமொழி ஆசிரியர். சிக்கு மலாய் ஆசிரியை. நான் தமிழ். மூவரும் ஒரே பள்ளியின் தாய்மொழித் துறையில் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். அக்கா பள்ளி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர், கும்பகோணத்துக்காரர், முட்டைகூடத் தொடாத சைவம். சிக்குவுக்கு ஹலால். லாவ்ஷியின் தாயார் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யினை வணங்குபவர், அதனால் அந்த வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. எனக்கும் கிடையாது, போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை சைவம். இந்த நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட இடம் தேடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

திங்கட்கிழமை சீனர்களின் டிராகன் படகுத் திருவிழா. ஜூ சியாட் ரோட்டிலும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டிலும் இலையில் மடித்த சாங் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. லாவ்ஷியின் தாய்வழி பெரனாக்கான், அதாவது மலாய்ப் பண்பாடு கலந்த சீன வம்சாவளி என்பதால் அவருக்கு நோன்யா சாங் தவிர மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். கயிற்றை அவிழ்த்து இலையை விரித்தால், முக்கோணப் பசையரிசியின் ஒரு முனை மட்டும் நீலம். சங்குப்பூச் சாயம். உள்ளே பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி, சர்க்கரைப் பாகில் ஊறிய நீர்ப்பூசணி, மல்லித்தூள். மல்லித்தூள் வாசம் வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இறைச்சியைப் பார்த்ததும் சாய்ந்துகொண்டார். அவருக்குக் காளான் வைத்த சைவச் சாங் கிடைத்தது. ஒரே பானையில் வேகவைத்தார்களா என்று விசாரித்த பிறகுதான் வாயில் வைத்தார். சிக்கு தன் பங்குக்குக் கோழி வைத்த ஹலால் சாங்கைத் தன் வட்டாரத்திலேயே வாங்கிக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். முன்யோசனை என்றால் சிக்குதான்.

ஜூன் 23, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. கடைசி நாளை வீணாக்கக் கூடாது என்று புது ரயிலில் ஏறினோம். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் நான்காம் கட்டம் இன்றுதான் திறந்தது: தஞ்சோங் ரூவிலிருந்து பேஷோர் வரை ஏழு நிலையங்கள். மரின் பரேட் வட்டாரத்து மக்கள் இத்தனை காலம் பஸ்ஸை நம்பி இருந்தவர்கள். தாத்தா பாட்டியெல்லாம் பேரப்பிள்ளைகளுடன் வந்து நிலையத்தின் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மரின் பரேட் முழுவதும் 1966ஆம் ஆண்டுக்குப் பிறகு கடலைத் தூர்த்துப் பெற்ற நிலம். தன் தாயார் சிறுமியாகக் கால் நனைத்த இடத்துக்குக் கீழே இப்போது ரயில் ஓடுகிறது என்று லாவ்ஷி சொல்லிக்கொண்டே வந்தார்.

காத்தோங்கில் லக்சா என்னும் நூடுல்ஸ் குழம்பைச் சாப்பிடாமல் திரும்பினால் வம்பு. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் எது அசல் காத்தோங் லக்சா என்று கடைகள் வரிந்து கட்டிக்கொண்டு சண்டையிட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது, பெயர்ப்பலகைகளில் மட்டும் ஆளுக்கொரு அசல் மிச்சமிருக்கிறது. காத்தோங் லக்சாவுக்குக் குச்சி தேவையில்லை. தடித்த அரிசி நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறார்கள். கரண்டி ஒன்றே போதும். தேங்காய்ப்பால், உலர்ந்த இறால் அரைத்த மசாலா, ஓரத்தில் ஒரு சிட்டிகை அளவுக்குப் பொடியாக நறுக்கிய லக்சா இலை. அந்த இலையைக் கலக்காமல் ஒரு வாய், கலந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். கலக்காதது வெறும் தேங்காய்ப்பால் குழம்பு; கலந்ததுதான் லக்சா. மட்டி வேண்டாம் என்று நான் சொல்ல, என் பங்கையும் சேர்த்துத் தரும்படி லாவ்ஷி கடைக்காரரிடம் ஹொக்கியன் சீனத்தில் சொல்லிவிட்டார்.

இந்தக் கடையில் பன்றி இறைச்சியும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அது ஹலால் சான்றிதழ் ஆகாது. சான்றிதழ் தருவது முயிஸ், அதாவது இஸ்லாமிய சமய மன்றம். சான்றிதழ் இல்லாத கடையில் சாப்பிடுவதா வேண்டாமா என்பதை இங்கே ஒவ்வொரு முஸ்லிமும் தானே முடிவு செய்துகொள்கிறார். சிக்குவின் தங்கை சாப்பிடுவாராம். சிக்கு சாப்பிட மாட்டார். கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, புது நிலையத்தின் படங்களைத் தன் மாணவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அக்காவும் கரும்புச்சாறுதான்.

இருவரைப் பட்டினி போட்டுவிட்டு இருவர் சாப்பிடுவது என்ன வெளிக்கிளம்பல் என்று திரும்பும் வழியில் எனக்கு எரிச்சல்தான். அவர்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

ஜூலை 6, சனி

அடுத்த முறை மலாய் வட்டாரமான கேலாங் சிராய் என்று சிக்கு முன்பே அறிவித்திருந்தார். கீழ்த்தளத்தில் ஈரச் சந்தை, மாடியில் உணவங்காடி நிலையம். இங்கே லாவ்ஷிக்கும் எனக்கும் கவலையே இல்லை. அக்காவுக்குத்தான் சோதனை.

நாசி பாடாங் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கறிகள். சாயூர் லோடே பார்ப்பதற்கு நம் வீட்டு அவியலுக்குத் தங்கை: முட்டைக்கோஸ், பயற்றங்காய், தோஃபு, தேங்காய்ப்பால். அக்கா விரலை நீட்டிவிட்டார். சிக்கு மலாயில் ஏதோ கேட்டார். பாத்திரத்துக்குப் பின்னால் நின்ற அம்மாள் வருத்தத்துடன் தலையசைத்தார். மசாலாவில் உலர் இறால். கங்கோங் கீரையிலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது, கத்தரிக்காய் சம்பலிலும் பெலாச்சான். தட்டில் மீனோ இறைச்சியோ கிடந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. அரைத்துக் கரைத்துவிட்ட இறாலைக் கண்டுபிடிக்க மொழி தெரிந்த ஆள் வேண்டும். வெறும் சோறு, பொரித்த தெம்பே, வெள்ளரி என்று தட்டு ஒரு வழியாக நிறைந்தது. தெம்பே என்பது புளிக்கவைத்த சோயாக் கட்டி; முதன்முறை சாப்பிடும் தமிழர்கள் முகம் சுளிப்பார்கள். அக்கா அப்படியல்ல, இரண்டாம் முறையும் வாங்கினார்.

பிறகு இந்தியன் ரோஜாக். இதை இந்தியாவில் தேடினால் கிடைக்காது; நடத்துபவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து மாவு வடைகள், உருளைக்கிழங்கு, தோஃபு, தெம்பே என்று நாமே பொறுக்கிக் கொடுத்தால், மீண்டும் எண்ணெயில் போட்டு எடுத்து, கத்தியால் படபடவென்று வெட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு அரைத்த சிவந்த குழம்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். கூடவே வெள்ளரி, பச்சை மிளகாய், பச்சை வெங்காயம். கடைக்காரர் தமிழர் என்பதால் அக்காவே குறுக்கு விசாரணையில் இறங்கினார். குழம்பில் இறால் உண்டா? இல்லை. எண்ணெய்? அது ஒரே சட்டிதான், இறால் வடையும் அதில்தான் வேகிறது என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நேர்மைக்காகவே நாங்கள் மூவரும் இரண்டு தட்டு வாங்கினோம்.

சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். லாவ்ஷி எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். மற்ற நிலையங்களில் ஹலால் தட்டுக்கு ஓர் அலமாரி, மற்றதற்கு ஓர் அலமாரி என்று பிரிந்திருக்கும். எது எங்கே என்று பார்த்து வைக்க வேண்டும். இங்கே அந்த யோசனை தேவைப்படவில்லை.

கால்நடையாகவே ஹெய்க் ரோடு உணவங்காடி நிலையத்துக்குப் போய்ப் புத்து பிரிங் வாங்கினோம். வரிசை நீளம். நீளமாக இருந்ததும் நல்லதுதான், செய்வதைப் பார்க்க முடிந்தது. கைக்கு அடக்கமான உலோக அச்சில் ஈர அரிசி மாவைத் தூவி, நடுவில் குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லத்தை ஒரு சிட்டிகை வைத்து, மேலே மறுபடி மாவு. துணியால் மூடி ஆவியில் கவிழ்க்கிறார்கள். சில நிமிடங்களில் எடுத்துப் பாண்டான் இலைத்துண்டில் தட்டினால், வெள்ளை மாவின் நடுவே வெல்லம் உருகிப் பழுப்பு வட்டம் தெரிகிறது. உப்புக் கலந்த தேங்காய்த் துருவலுடன் சாப்பிட வேண்டும். அரிசி, வெல்லம், தேங்காய், உப்பு. இந்த முறை யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அக்கா மட்டும், தன் பாட்டி செய்த புட்டில் ஏலக்காய் இருக்கும், இதில் அது இல்லை என்று குறை கண்டுபிடித்தார். குறை சொல்லிக்கொண்டே பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஜூலை 14, ஞாயிறு

மழை. ஜூ சியாட்டில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் ஒதுங்கினோம்; பெயர் வேண்டாம். தாய்லாந்து, ஜப்பான், கொரியா எல்லாம் ஒரே அட்டையில். சைவம் என்று எழுதியிருந்த நூடுல்ஸில் மீன்சாறு. கேட்டால், சிறிதளவுதான் என்று பதில். அக்கா தேநீரோடு நிறுத்திக்கொண்டார். விலைப்பட்டியலில் ஒவ்வொரு விலைக்கும் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள். அதாவது 100 வெள்ளிக்கு (டாலர்) சாப்பிட்டால் முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த 110 வெள்ளிக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ரசீதில் வருவது 119 வெள்ளி 90 காசு. மழை நின்றதும் கிளம்பினோம்.

ஜூலை 27, சனி

டுரியான் பருவம். கேலாங் சாலையோரத்தில் நெகிழி நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மாவ் ஷான் வாங் வகை வாங்க வேண்டும் என்று லாவ்ஷி, பழைய டி24 வகை போதும் என்று சிக்கு. விலையைப் பார்த்து நான் டி24 கட்சியில் சேர்ந்தேன். கடைக்காரர் முள்ளின் இடுக்கில் கத்தியைச் செருகி ஒரு திருகு திருகினார். ஓடு வாயைத் திறந்தது. டுரியான் உடம்புக்குச் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி, இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று லாவ்ஷி சொல்ல, இதைத்தானே எங்கள் ஊரில் எல்லாப் பண்டத்துக்கும் சொல்கிறோம் என்று அக்கா உற்சாகமாகப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் வெறும் ஓட்டில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் கை கழுவினோம். மணம் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லை. எம்ஆர்டி ரயிலில் டுரியான் கொண்டுபோகத் தடை. கைக்குத் தடையில்லை என்பதால் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தேசிய தினம், ஆடி வெள்ளி, சீனர்களின் ஏழாம் மாதம், மூன்றும் சேர்ந்து வந்த நாள். காலையில் சிலோன் ரோடு ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்துக்கு நானும் அக்காவும் போனோம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில். வெளியே வந்தால் நடைபாதையெங்கும் சிவப்பு வெள்ளைச் சட்டைகள்; அடுக்குமாடி வீடுகளின் கீழே புல்தரையோரம் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழம், சோற்றுக் கிண்ணம். மூதாதையருக்கும் அலையும் ஆவிகளுக்கும் வைத்த படையல். அதை மிதித்துவிடாமல் நடக்க இங்குள்ள பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கா படையலைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கினார்.

இன்று நானும் சைவம் என்பதால் சீன பௌத்த சைவக் கடை. இவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, அக்காவையே மிஞ்சியவர்கள். ஆனால் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் வாத்து, மீன் என்று சகலமும் செய்து வைத்திருக்கிறார்கள். மீனுக்குத் தோல் வேண்டும் என்பதற்காகக் கடற்பாசித் தாளைச் சுற்றியிருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் மீனைத் தொடாத அக்காவுக்கு இது ஏன் என்று புரியவே இல்லை. விட்டவர்களுக்குத்தான் ஆசை மிச்சமிருக்கும், உங்களுக்கென்ன என்றார் லாவ்ஷி. அக்கா கீரையும் தோஃபுவும் காளானும் எடுத்துக்கொண்டு, அந்த மீன் இருந்த தட்டைத் தன் பார்வையிலிருந்து தள்ளி வைத்தார். அந்தத் தட்டைக் காலி செய்தது நான்.

கடை வாசலில் முயிஸ் சான்றிதழ் மாட்டியிருந்ததால் சிக்குவும் வந்திருந்தார். ஆக, நால்வரும் ஒரே மேசையில், ஒரே கறிகளைச் சாப்பிட்டோம். சாப்பாடு சுமார்தான். எனக்கு ரோஜாக்கே மேல்.

ஆகஸ்ட் 31, சனி

தேர்வுத்தாள் திருத்தி முடித்தாயிற்று. ஒரு வார விடுமுறை. ஜூ சியாட்டில் வியட்நாம் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஹலால் இல்லை என்பதால் சிக்கு வரவில்லை. நீங்கள் போங்கள், படம் மட்டும் அனுப்ப வேண்டாம் என்றார்.

ஃபோ என்னும் வியட்நாம் நூடுல்ஸ் சூப் என்றால் மாட்டெலும்புச் சாறுதான் முதலில். எங்கள் மேசையில் அதைக் கேட்க ஆளில்லை. லாவ்ஷிக்கு குவான்யின், எனக்கு என் வீடு. இருவருக்கும் கோழி ஃபோ. பட்டையும் அன்னாசிப்பூவும் சாற்றில் தூக்கலாக இருந்தன. தனித்தட்டில் வந்த துளசியினத் தழையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்ததும் சாற்றின் கனம் சட்டென்று குறைந்தது. அக்காவுக்கு அரிசித்தாளில் தோஃபு, புதினா, கீரை சுற்றிய சுருள். தொட்டுக்கொள்ள வரும் மீன்சாற்றை அவர் பேச்செடுக்கும் முன்பே பரிமாறும் பெண் எடுத்துக்கொண்டு போய், சோயா கொண்டுவந்து வைத்தார். தன் அம்மாவும் மாதத்தில் அமாவாசையும் பௌர்ணமியும் சைவம் என்று சொன்னார். திங்கட்கிழமை அமாவாசை என்று அக்கா உடனே நினைவூட்டினார்.

உலோக வடிகட்டியிலிருந்து காப்பி சொட்டி முடிப்பதற்குள் சிக்குவிடமிருந்து செய்தி. ஹலால் சான்றிதழுள்ள கொரிய உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாராம், அடுத்த சனிக்கிழமை அங்கே. கிம்ச்சியில் உப்பிட்ட இறால் சேர்ப்பார்களே என்று அக்கா கேட்டார். விசாரித்துவிட்டேன், சேர்க்கிறார்கள், ஆனால் உங்களுக்கு வேறு ஏதாவது செய்து தரச் சொல்கிறேன் என்று சிக்கு. இந்த இழுபறியைப் பார்த்துவிட்டு லாவ்ஷி ஒரு தோசைக்கடையின் முகவரியைக் குழுவில் போட்டார். அங்கே நால்வருக்குமே பிரச்சினை இல்லை என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

வீட்டில் தினமும் தின்பதைத் தின்னவா பஸ் ஏறி வருவேன் என்று அக்கா பதில் எழுதிவிட்டார். கொரிய உணவகத்துக்கே மேசை சொல்லியாயிற்று.