தேன்வளைக்கரடிக்கும் வால்வரினுக்கும் ஒரு கற்பனைப் போட்டி

இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் தேன்வளைக்கரடியையும் (ஆங்கிலத்தில் ஹனி பேட்ஜர்), வடதுருவத்தை ஒட்டிய பனிக்காடுகளில் திரியும் வால்வரினையும் ஒரே களத்தில் மோதவிட்டால் எது வெல்லும்? இரண்டும் நீர்நாய்க் குடும்பத்துப் பங்காளிகள். இயற்கையில் இவை சந்திக்க வாய்ப்பே இல்லை என்பதால், நடுவராக இருக்கும் சுகம் எனக்கு வாய்த்திருக்கிறது.

தற்காப்பில் தேன்வளைக்கரடிக்கு இணையில்லை. கழுத்தருகே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அதன் தோல் தளர்ந்து தொங்குவதால், சிறுத்தை கவ்விப் பிடித்தாலும் அது தோலுக்குள்ளேயே உடலைத் திருப்பிக்கொண்டு, பிடித்த வாயையே கடிக்க முனையும். நாகப்பாம்பின் நஞ்சு பற்றிக்கொள்ளும் நரம்பு ஏற்பியே இதன் உடலில் சற்று மாறி அமைந்திருப்பதால், அந்நஞ்சு இதனிடம் எளிதில் பலிப்பதில்லை.

வால்வரினின் பலம் தாடையில் இருக்கிறது. மேல்வரிசையின் கடைசிக் கடைவாய்ப்பல் உட்பக்கமாகத் திரும்பியிருப்பதால், உறைந்த இறைச்சியையும் அது பிய்த்துத் தின்னும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கிளீவ்லேண்டு சிகரத்தில், நடுக்குளிர்காலத்தில், ஒரு வால்வரின் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றத்தை 90 நிமிடங்களில் கடந்தது ஜிபிஎஸ் கருவியில் பதிவானது. (மலையேறும் நண்பர்கள் மன்னிக்கவும்.)

களம் பனியாக இருந்தால் வால்வரின் வெல்லும். வேறெந்த நிலமானாலும் என் வாக்கு தேன்வளைக்கரடிக்கே. நடுவில் ஒரு நாகப்பாம்பையும் இறக்கிவிட்டால், தீர்ப்பு எழுதும் வேலையும் எனக்கு மிச்சம்.