மரவரி ஓடும் பீங்கான்

எங்கள் அப்பா ஓடாவி, மரவேலை செய்பவர். திருகோணமலையின் உவர்மலையில் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் அவருடைய பட்டறை. பலகையைக் கண்ணால் மட்டும் பார்த்து அவர் எதையும் சொன்னதில்லை. நடுவிரலை மடக்கித் தட்டுவார், உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், கடைசியில் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பாலையா, முதிரையா, வேம்பா என்பது அதற்குப் பிறகுதான் வாயில் வரும்.

ஒருமுறை ஒரு கடைக்காரர், மலிவுப் பலகையில் செய்த கதவுக்கு முதிரை வரி போலப் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னார். அப்பா முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மரத்துக்குப் பொய் பூசுகிற வேலை என்னிடம் இல்லை" என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தச் சொல் என்னோடேயே வளர்ந்தது. மரம் போன்ற பிளாஸ்டிக், கல் போன்ற தரை விரிப்பு, எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சென்ற மாதம் சீன அரச பீங்கான்களின் படங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மரக் கிண்ணம் வந்தது. பழுப்பு வரிகள், நடுவே ஒரு கணு, கணுவைச் சுற்றி விலகி ஓடும் ரேகைகள். தவறிச் சேர்ந்த படம் என்று நினைத்தேன். விளக்கத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது பீங்கான். சியன்லோங் பேரரசர் காலத்தது. அவர் ஆண்டது 1736 முதல் 1795 வரை. ஜிங்தேஜென் நகரத்து அரச சூளையில், வெள்ளைக் களிமண்ணை ஏறக்குறைய 1300 பாகை வெப்பத்தில் சுட்டு, அதன் மேல் இரும்புச் சிவப்பும் பழுப்புமாக வரி வரியாகத் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடியும் சுட்டிருக்கிறார்கள். அந்த வண்ணங்கள் சூளைக்குள் போகும்போது ஒரு நிறம், வெளியே வரும்போது இன்னொரு நிறம். தீட்டுகிறவன் தன் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்ப முடியாது. சுட்ட பின் வரப்போகும் மரத்தை மனத்தில் வைத்துத்தான் தூரிகையை இழுக்க வேண்டும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்தடுத்துத் தேடினேன். செதுக்கிய செவ்வரக்குப் பாத்திரம் போல ஒன்று. உண்மையான அரக்கு வேலையில் மெல்லிய பூச்சாகப் பத்துக்கணக்கில், சில வேளை நூறு வரை பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டுப் பிறகு செதுக்குவார்கள். இங்கே அந்தச் செதுக்கலெல்லாம் களிமண்ணில் எழும்பி நிற்கிறது, மேலே சிவப்பு. பழைய வெண்கலம் போல இன்னொன்று: தேயிலைத்தூள் நிறத்தில் மெருகு, அதில் பச்சைக் களிம்பு ஏறியது போன்ற திட்டுகள், பொன் கோடுகள். ஒரு தட்டில் நண்டு, அதைச் சுற்றிக் கொட்டைகளும் விதைகளும். நண்டின் ஓட்டைத் தொட்டால் ஈரமாக இருக்கும் போலிருந்தது. 1774 இல் சூ யான் என்ற அறிஞர், பொன், வெள்ளி, கல், அரக்கு, சிப்பி, மூங்கில், மரம், சுரைக்காய்க் குடுவை ஆகிய எல்லா வேலைகளையும் இப்போது மண்ணிலேயே செய்துவிடுகிறார்கள் என்று பதிந்திருக்கிறார்.

இந்த வளர்ச்சியின் நடுவில் நின்றவர் தாங் யிங். 1728 இல் அரண்மனையிலிருந்து சூளை மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட அதிகாரி. வந்தபோது அவருக்கு மண்ணும் தெரியாது, நெருப்பும் தெரியாது. வெளியாரோடு பழகுவதை விட்டு, மூன்று ஆண்டுகள் தொழிலாளரோடு ஒன்றாக உண்டு உறங்கிக் கற்றுக்கொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். 1735 இல், அங்கே செய்யப்பட்ட 57 வகைகளைப் பட்டியலிட்டார். அதிகாரி ஒருவர் கொட்டிலில் வந்து உட்கார்ந்து கைவேலை கற்றார் என்பதை அப்பா கேட்டிருந்தால், உளியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டிருப்பார்.

ஆனாலும் அந்தச் சொல் குறுக்கே நின்றது: பொய் பூசுகிற வேலை.

நான் சீனன்குடாவில் முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவள். 'போலி' என்றதும் எனக்கு இலக்கணம்தான் முதலில் வரும். அறம் என்பது அறன் என்று நிற்கும்; கடைசி எழுத்து மாறியும் பொருள் கெடாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து அதே வேலையைச் செய்கிறது, யாரும் ஏமாறுவதில்லை. கடைக்காரர் கேட்ட கதவில் வாங்குகிறவன் ஏமாற வேண்டும், அதற்காகத்தான் பெயின்ட். இந்தக் கிண்ணத்தை ஏந்திய பேரரசருக்கோ அது மரமில்லை என்று நன்றாகத் தெரியும். கையில் எடுத்ததும் குளிர்ச்சி தெரியும், தட்டினால் மணி போல ஒலிக்கும். கண் ஒன்று சொல்ல, விரல் வேறொன்று சொல்ல, அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் வியப்புக்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். அப்பா மறுத்தது வேறு, இது வேறு என்று இப்போது நம்புகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு போலி இருந்தது. அம்மா சோறு போட்டுத் தந்த தட்டு, வெள்ளை எனாமல் பூசி விளிம்பில் நீலக்கோடு ஓடிய தகரம். அதை நாங்கள் பீங்கான் என்றுதான் சொன்னோம். பீங்கான் மற்ற எல்லாமாகவும் ஆகிப் பார்த்த காலம் ஒன்றிருக்க, தகரம் பீங்கானாக எங்கள் மடியில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் பட்டறைக்குப் போனேன். அப்பாவின் இழைப்புளி இன்னும் அவனிடம்தான். எதுவும் சொல்லாமல் கைப்பேசியில் கிண்ணத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல்களால் படத்தைப் பெரிதாக்கிக் கணுவருகே வெகு நேரம் பார்த்தான்.

"இது எந்த மரம் என்று பிடிபடவில்லை அக்கா. ஆனால் கணு வரும் இடத்தில் வரி இப்படித்தான் ஒதுங்கிப் போகும். செய்தவன் பலகை அறுத்துப் பார்த்திருக்கிறான்."

பீங்கான் என்றேன். அவன் சிரிக்கவில்லை. மறுபடியும் பெரிதாக்கினான்.

"அடிப்பக்கம் இருக்கிறதா? அதைக் காட்டுங்கள்."