கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு: பருவும் ஒரு க்ரீம் ட்யூபும்

ஜூன் 8

தங்கை பாலக்காட்டு ஹாஸ்டலில் இருந்து வந்திருக்கிறாள், கூடவே அறைத்தோழியும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தப் பெண் கண் மட்டும் தெரிகிற மாதிரி ஷாலைச் சுற்றியிருந்தாள். கணவாய்க் காற்றின் தூசிக்கு என்று நினைத்தேன், வீட்டுக்குள் வந்தும் எடுக்கவில்லை. சாப்பிடும்போதுதான் பார்த்தேன். இரண்டு கன்னமும் சிவந்து, நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிகிறது, தாடை வரைக்கும் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு.

"எங்க ஃப்ளோர்ல பரு இல்லாத பொண்ணே இல்லக்கா" என்றாள் தங்கை. 12 முதல் 24 வயதுக்குள் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது பரு வரும் என்பதுதான் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றுக்காக ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள் என்பது எனக்கு ஆறவே இல்லை.

ஜூன் 9

என்ன போடுகிறாய் என்று கேட்டதற்கு பையிலிருந்து ட்யூபை எடுத்தாள். முன்பக்கம் பூப்போட்ட பெயர். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. முகத்தில் வரும் மங்குக்கு டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதித்தர வேண்டிய மருந்து இது. பருவும் போகும், நிறமும் வரும் என்று சீட்டே கேட்காமல் ஒரு மருந்துக்கடையில் கொடுத்திருக்கிறார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இலேயே அரசு விதியை இறுக்கிவிட்டது.

இதன் வேலை எப்படியென்றால், முதல் சில வாரம் பரு அமுங்கி முகம் வெளுக்கும், பார்க்கிறவர்களும் 'பளிச்சுனு இருக்கே' என்பார்கள், அதனால் நம்பிக்கை வந்துவிடும். அப்புறம் தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும், நிறுத்தினால் மொத்தமாகக் கிளம்பும், பயந்துபோய் மறுபடியும் பூசுவார்கள். இந்தச் சுழலில் மாட்டிவிடுவது பரு இல்லை, நம் வீடுகளில் ஓயாமல் நடக்கிற நிறப் பேச்சு. 'கருத்துட்டியே' என்று கேட்காத விருந்தாளி உண்டா?

ஜூன் 10

அம்மா எல்லாத்துக்கும் உடம்புச் சூடுதான் காரணம் என்கிறார், நெற்றியில் வழிய வழிய எண்ணெய் வைக்கிறார். எண்ணெய் முடியோடு நிற்கட்டும், நெற்றியில் இறங்கினால் துவாரம் அடைத்துப் பரு கூடும் என்றேன். முறைத்தார். சரி.

ஜூன் 12

அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்கு இருவரையும் கூட்டிப்போனேன். டாக்டரம்மா மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகப் பேசினார். தோழிக்கு அந்த க்ரீமை விடுவிக்க, வீரியம் குறைந்ததாக மாற்றிப் படிப்படியாகக் குறைக்கும் முறை, அதோடு சன்ஸ்க்ரீன்.

தங்கைக்குச் சாதாரணப் பருதான். ராத்திரி அடாபலீன் 0.1 சதவீத ஜெல், முகம் முழுசுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், துண்டு, தலையணை உறையில் பட்டால் சாயம் போய்விடும் என்று எச்சரித்தார். முதலில் தோல் உரியும், பரு கூடுகிற மாதிரிகூடத் தோன்றும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், இடையில் விட்டுவிடாதே என்றார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டார், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையிலும் பரு வருமாம். தழும்பு விழுகிற பெரிய கட்டிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு, ஆனால் அதைச் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். யாரோ தோழி சொன்னாள் என்று அதை வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்.

ஜூன் 21

ஹாஸ்டலுக்குத் திரும்பிய தோழிக்கு அரிப்பும் எரிச்சலும், பழைய ட்யூபைக் கேட்டு ராத்திரி அழுதிருக்கிறாள். தங்கை தரவில்லை, டாக்டரிடம் காட்டப் பத்திரமாக வைத்திருக்கிறாள். நானே போன் செய்து வெகுநேரம் பேசினேன், இது எதிர்பார்த்ததுதான், சீக்கிரமே திரும்பக் காட்டலாம் என்றேன்.

ஹாஸ்டல் அறிவிப்புப் பலகைக்காக தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முகத்துக்குப் போடும் ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், புளூசினோலோன், இந்த ஸ்டீராய்டுகளில் ஏதாவது ஒன்றின் பெயர் இருந்தால் டாக்டரிடம் காட்டு என்று. வார்டன் ஒட்டச் சம்மதித்துவிட்டார்.