பூட்டிய காருக்குள் இருக்கும் துப்பாக்கி

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், வேலியன்ட் என்னும் ஊரின் காகித ஆலை வாகன நிறுத்துமிடத்தில் 2002இல் நடந்த சோதனையில், வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அதன் எதிரொலியாக, பூட்டிய சொந்த வாகனத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை முதலாளி தடைசெய்யக் கூடாது என்று 2004இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. பணியிடப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இது முரண் என்று கீழ் நீதிமன்றம் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் நீக்கியது. புளோரிடாவும் டெக்சாஸும் இதே வழியில் சென்றன.

கட்டடத்துக்குள்ளும் நிறுவனத்தின் சொந்த வண்டியிலும் தடைவிதிக்கும் உரிமையை டெக்சாஸ் சட்டம் முதலாளிக்கே விட்டுவைத்திருப்பது நியாயம் என்றே கருதுகிறேன். ஆனால், வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் கோபத்தோடு தம் காரை நோக்கி நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் சக தொழிலாளர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தராமல், முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து பெருமளவு விலக்களிப்பதோடு அச்சட்டம் நின்றுவிடுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.